கேட்டக்காவின் வலது கால்

வாகன நிறுத்தத்தின் இரண்டாம் அடித்தளத்தில் இருந்த அந்த இடத்துக்குப் பலகையில் 'கட்டணச் சாவடி' என்று பெயர். அங்கே வேலை செய்தவர்கள் கூண்டு என்றார்கள். உள்ளே உட்கார்ந்து கையை விரித்தால் இரண்டு பக்கக் கண்ணாடியிலும் விரல் இடிக்கும். ஒரு சுழல் நாற்காலி, ஒரு கணினித் திரை, தடுப்புக் கம்பியைத் தூக்க ஒரு பச்சைப் பொத்தான், முகத்துக்கு நேரே ஒரு சின்ன மின்விசிறி. வணிக வளாகத்தைச் சுற்றி முடித்தவர்கள் வண்டியை எடுத்துக்கொண்டு வந்து சன்னல் வழியாகச் சீட்டை நீட்டுவார்கள். அவள் வாங்கி இயந்திரத்தில் சொருகுவாள், பொத்தானை அழுத்துவாள், கம்பி எழும், வண்டி போகும். பிறகு அடுத்த வண்டி. காலை பத்து மணியிலிருந்து மாலை ஏழு வரை இதுதான். கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் மேலே சொல்லி, மாற்று ஆள் இறங்கி வரும்வரை பொறுத்திருக்க வேண்டும். அதனால் அவள் காலையில் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டாள்.

அவளுக்கு வயது நாற்பத்தொன்று. கூண்டுக்கு வந்து ஏழு வருஷம். அண்ணன் வீட்டுக்கு வந்து பன்னிரண்டு வருஷம். அதற்கு முன்னால் பதினோரு மாதம் ஒருவருக்கு மனைவியாக இருந்தாள். கால்கட்டு போட்டு அனுப்பியவர்களே அதை அவிழ்த்துக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அண்ணன் வீடு மூன்றாவது மாடியில், இரண்டு அறை. ஒன்றில் அண்ணனும் அண்ணியும், ஒன்றில் அவர்கள் பிள்ளைகள். அவள் கூடத்தில் படுத்தாள். கூடத்தில் படுப்பவருக்கு ஒரு சங்கடம் உண்டு: எல்லோரும் தூங்கப் போன பிறகுதான் படுக்கலாம், எல்லோரும் எழுவதற்கு முன்னால் எழுந்து பாயைச் சுருட்டிவிட வேண்டும். யாரும் அவளை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. "அவ இருக்கா, பாத்துக்குவா" என்பார்கள். அந்த வீட்டில் அவளைப் பற்றிச் சொல்லப்பட்ட முழுப் பேச்சும் அவ்வளவுதான்.

கூண்டுக்குப் பின்னால் ஒரு சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் சன்னல் இல்லாத ஒரு சரக்கறை. அதை நான்கு பேர் வாடகைக்கு எடுத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு வந்து இரண்டு மணி வரை பாட்டுப் பயிற்சி செய்வார்கள். பூமிக்கு அடியில் என்பதால் சத்தம் என்று யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். டிரம் வாசித்தவர் பல் டாக்டர், முப்பத்தைந்து வயது இருக்கும். பேஸ் கிட்டார்க்காரர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். மற்ற இருவரில் ஒருவர் பாடுவார், ஒருவர் கிட்டார்.

சுவர் தடிமன். பாட்டு இந்தப் பக்கம் வராது, கிட்டாரும் வராது. பெரிய டிரம்மைக் காலால் அடிக்கும் அந்த 'தும்' மட்டும் வரும். அதுவும் காதுக்கு வராது. தரை வழியாக வந்து, நாற்காலியில் ஏறி, இடுப்பில் கேட்கும். மூன்று வருஷம் அப்படிக் கேட்டதில் அவர்களுடைய பதினொரு பாட்டும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. மெட்டு தெரியாது, சொல் தெரியாது. எங்கே ஒன்று விழும், எங்கே இரண்டு சேர்ந்து விழும், எங்கே விடுபடும் என்பது மட்டும் தெரியும்.

ஒரு ஞாயிறு மதியம் டாக்டர் சீட்டை நீட்டியபோது அவள் வாயை அடக்க மறந்துவிட்டாள்.

"சார், மூணாவது பாட்டுல இன்னைக்கு உங்க கால் பின்னாடியே வந்துச்சு."

டாக்டர் வண்டியை அணைத்தார். பின்னால் வந்த கார் ஒலி எழுப்பியது.

"என்ன சொன்னீங்க?"

"ஒண்ணுமில்ல சார். போங்க."

"இல்ல, சொல்லுங்க. எந்த இடம்?"

அவள் மேசையில் விரலால் தட்டிக் காட்டினாள். டாக்டர் சிரிக்கவில்லை. "எங்க பேஸ்காரர் ஒரு மாசமா இதையே சொல்றாரு. நான் அவரு காதைத்தான் குறை சொன்னேன். நீங்க டிரம் வாசிப்பீங்களா?"

"சீட்டுதான் சார் கிழிப்பேன்."

அடுத்த ஞாயிறு, ஒன்றரை மணிக்கு மாற்று ஆள் வந்ததும், தனக்கிருந்த அரைமணி சாப்பாட்டு நேரத்தில் அவள் சரக்கறைக்குள் போனாள். டாக்டர் அவளை டிரம் முன்னால் உட்கார வைத்தார். குச்சியைப் பிடித்த கைகள் சீக்கிரமே ஒழுங்குக்கு வந்தன. கால்தான் வரவில்லை. பெடல் என்பது கால் வைக்கும் ஒரு தகடு. அதை மிதித்தால் சங்கிலி இழுத்து, முனையில் பஞ்சுக் கட்டை வைத்த ஒரு கம்பி போய் டிரம்மில் அடிக்கும். பார்க்க ஒன்றும் இல்லாத வேலை. அவள் மிதித்தாள். கட்டை தோலில் போய் ஒட்டிக்கொண்டு அங்கேயே நின்றது. ஓசை 'தும்' என்று விரியாமல் 'தப்' என்று செத்தது.

"அடிச்சதும் பீட்டரைத் திரும்ப விடணும்" என்றார் டாக்டர். அந்தக் கம்பிக்கும் கட்டைக்கும் அதுதான் பெயராம். "நீங்க போய் அமுக்கிப் பிடிச்சுக்கிறீங்க."

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் பின்னாலிருந்து சொன்னார்: "அக்காவுக்குப் பீட்டர் விடத் தெரியாது டாக்டர். நம்மள மாதிரியா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அன்றுதான் அவளுக்கு அந்தப் பெயரும் வந்தது. கேட்டில் உட்கார்ந்திருக்கும் அக்கா, சுவருக்குப் பின்னால் இருந்து கேட்ட அக்கா. இரண்டுக்கும் சேர்த்துக் கேட்டக்கா.

டாக்டரிடம் ஒரு பழைய பெடல் இருந்தது. சுருள்கம்பி தளர்ந்து, சங்கிலி துருப்பிடித்தது. அதை அவளிடம் கொடுத்துவிட்டார். வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. கீழ்வீட்டுக்காரர் செருப்புச் சத்தத்துக்கே மேலே ஏறி வருகிறவர். எனவே பெடல் கூண்டுக்குள் வந்தது. கார் மிதியடி ரப்பரை நான்காக மடித்து ஒரு பலகையில் கட்டி, மேசைக்கு அடியில் சுவரோடு சேர்த்து நிறுத்தினாள். பஞ்சுக் கட்டை அதில் மோதும். கூண்டைப் பார்த்திருந்த கேமராவுக்கு மேசைக்கு மேலே உள்ள பாதிப் பெண்தான் தெரியும். மேல் பாதி சீட்டு வாங்கியது, கீழ்ப் பாதி பழகியது.

"குண்டுச்சட்டிக்குள்ள குதிரை ஓட்டறீங்க" என்றார் டாக்டர்.

"எனக்கு வேற சட்டி எங்க சார் இருக்கு?"

கைப்பேசிக்கு அங்கே அனுமதி இல்லை. வண்டிகள் மேலேறும் சுருள்பாதையின் முனையில் ஒரு மஞ்சள் விளக்கு அணைந்து அணைந்து எரியும். கணினித் திரையின் கடிகாரத்தை வைத்து எண்ணிப் பார்த்தாள். நிமிஷத்துக்கு ஐம்பத்து நான்கு. அதுதான் அவளுக்குத் தாளம். விளக்கு எரியும்போதெல்லாம் ஒரு அடி.

முதலில் குதிகாலைத் தகட்டில் பதித்து, கணுக்காலை மட்டும் அசைத்து மிதித்தாள். பத்து நிமிஷத்தில் முழங்காலுக்குக் கீழே, எலும்பை ஒட்டிய தசை எரிந்தது. பிறகு டாக்டர் சொன்னபடி குதிகாலைத் தூக்கி, காலின் கனத்தை அப்படியே விழவிட்டுப் பார்த்தாள். நாற்காலி சுழன்று அவளைக் கண்ணாடியின் பக்கம் திருப்பியது. சக்கரத்துக்கு அடியில் துணியைத் திணித்தாள். வேலைக்கான காலணியின் அடிப்பாகம் கனமாக இருந்ததால் வலது காலில் மட்டும் அதைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு மிதித்தாள். நாற்காலி தாழ்வாக இருந்தால் முழங்கால் மேலே ஏறித் தொடை பிடித்துக்கொள்கிறது என்று கண்டுபிடித்து, சாப்பாட்டுப் பையை மடித்துப் போட்டு உயர்த்தி உட்கார்ந்தாள். ஒவ்வொன்றும் கொஞ்சம் உதவியது. ஆனால் விளக்குக்கு ஒன்று என்பதைத் தாண்டி இரண்டு அடி சேர்த்து அடிக்கப் போனால் கால் மரக்கட்டையாகிவிடும். முதல் அடி விழும். இரண்டாவது வராது. கால் அந்தத் தகட்டின்மேல் மாட்டிக்கொண்டதுபோல் நிற்கும்.

இரண்டு மாதம் இப்படிப் போனது. வீட்டில் காய் நறுக்கும்போதும் துணி மடிக்கும்போதும் வலது கால் தானாக அசைந்தது. அண்ணன் தட்டிலிருந்து நிமிர்ந்தார்.

"என்ன எப்பப் பாத்தாலும் காலை ஆட்டிக்கிட்டே இருக்க?"

"மரத்துப்போச்சுண்ணா."

"உக்காந்தே இருக்கிற வேலைதான. அதுக்கே மரத்துப்போகுதா?"

அவள் காலை இன்னொரு காலால் அமுக்கிக்கொண்டாள்.

மூன்றாவது மாதம் மேற்பார்வையாளர் இறங்கி வந்தார். ஒரு வண்டிக்காரர் மேலே போய், "உங்க கூண்டுல மோட்டார் ஏதோ கழண்டிருக்கு, தடதடங்குது" என்று அக்கறையாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். மேற்பார்வையாளர் குனிந்து மேசைக்கடியில் பார்த்தார். காலுறையோடு ஒரு கால், ஒரு தகடு, ஒரு சங்கிலி.

"இது என்னம்மா?"

"கால் வலிக்கு ஒரு பயிற்சி சார்."

"எந்த ஆஸ்பத்திரியில குடுத்தாங்க?"

"பல் டாக்டர் குடுத்தாரு சார்."

அவர் நிமிர்ந்தார். கெட்ட மனிதர் இல்லை. "பாக்காம இருந்திருந்தா பரவாயில்ல. பாத்துட்டேன்" என்றார். அவள் ஒரு எச்சரிக்கைக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டாள். பெடலை அவர் தூக்கிக்கொண்டு போய், வளாகத்தில் மறந்துபோட்ட பொருள்களை வைக்கும் அலமாரியில், குடைகளுக்கும் ஒற்றைச் செருப்புகளுக்கும் நடுவில் வைத்துப் பூட்டினார்.

அந்த வாரம் கூண்டு இன்னும் சிறிதாகிவிட்டதுபோல் இருந்தது. ஏழு வருஷம் தெரியாத புகைநாற்றம் இப்போது தெரிந்தது. வண்டி வரிசை வளர்ந்தபோது மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டே பொத்தானை அழுத்தினாள். இத்தனை நாளும் இதற்குள் எப்படி இருந்தோம் என்று அவளுக்கே விளங்கவில்லை. முன்பு இது அடைப்பு என்று தோன்றியதில்லை. ஒரு சந்து திறந்து மூடிய பிறகுதான் தோன்றியது.

விஷயம் தெரிந்ததும் டாக்டர் மேலே போனார். "என் பொருள் ஒண்ணு தொலைஞ்சுபோச்சு" என்றார். இரும்புத் தகடு, துருப்பிடித்த சங்கிலி, முனையில் பஞ்சுக் கட்டை என்று அடையாளம் சொன்னார். மேற்பார்வையாளர் முகத்தை மாற்றாமல் பதிவேட்டை நீட்டினார். டாக்டர் 'பெற்றுக்கொண்டேன்' என்று எழுதி வாங்கிவந்தார். பிறகு நான்கு பேரும் பேசி, சரக்கறையின் மாற்றுச் சாவியை அவளிடம் கொடுத்தார்கள்.

இப்போது தினமும் அரைமணி. ஐந்து நிமிஷத்தில் சாப்பிட்டுவிட்டு, கதவை உள்ளே பூட்டிக்கொண்டு, உண்மையான டிரம்முக்கு முன்னால் இருபத்தைந்து நிமிஷம். கண்ணாடிக் கூண்டிலிருந்து சன்னலில்லாத கூண்டுக்கு. கால் மட்டும் அப்படியே நின்றது.

ஒரு ஞாயிறு டாக்டர் எதிரே உட்கார்ந்து பார்த்தார். காலைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தார்.

"பல்லைக் கடிக்கிறீங்க."

"இல்லையே."

"கன்னத்துல தெரியுது. இது என் தொழில். என் நாற்காலியில படுக்கிறவங்களுக்கு வலிக்குதான்னு நான் வாயைப் பாத்துக் கண்டுபிடிக்கிறதில்ல. கால் விரலைப் பாப்பேன். வலிச்சா விரல் மடங்கிடும். உங்களுக்குத் தலைகீழ். விரல் மடங்கினா பல் இறுகுது. வாயைத் திறந்து வச்சுக்கிட்டு மிதிங்க."

"பைத்தியம் மாதிரி இருக்கும் சார்."

"இங்க யாரு இருக்கா பாக்க?"

வாயைத் திறந்து வைத்துக்கொண்டு மிதித்தாள். நான்கு தடவை ஒன்றும் இல்லை. ஐந்தாவது தடவை முதல் அடி விழுந்து, கட்டை தானாகத் திரும்பி வந்தது. கால் தகட்டில் ஒரு விரற்கடை முன்னால் வழுக்கி, இரண்டாவது அடி விழுந்தது. தும்தும். அவள் செய்ததுபோலவே இல்லை. அவளுடைய கால் அவளைக் கேட்காமல் செய்ததுபோல் இருந்தது. திரும்பச் செய்யப் பார்த்தாள். வரவில்லை.

அன்று கூண்டுக்குத் திரும்பியதும் காலணிக்குள் தன் விரல்களைக் கவனித்தாள். மடங்கி, உள்பக்கத்தைக் கவ்விக்கொண்டிருந்தன. விரித்தாள். ஒரு வண்டி ஒலி எழுப்பியது, மடங்கின. மாலை வீட்டுப் படியேறும்போது மடங்கியிருந்தன. அண்ணி சமையலறையிலிருந்து கூப்பிட்டபோது மடங்கின. அண்ணன் கதவு திறக்கும் சத்தத்துக்கு மடங்கின. பாயில் படுத்த பிறகும் அப்படியே இருந்தன. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடு என்று பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு யாரோ சொன்னது, சொன்னபடியே நடந்துகொண்டிருந்தது.

அதன் பிறகு அவள் பழகியது பாதி கால், பாதி விரல். எங்கே உட்கார்ந்தாலும் நின்றாலும் விரலை விரிப்பாள். சில நாளில் இரட்டை அடி பத்துக்கு மூன்று வந்தது. பிறகு பத்துக்கு ஆறு.

மழைக்காலம் முடியும்போது டாக்டருக்கு வேறு ஊரில் மருத்துவமனை வேலை கிடைத்தது. போவதற்கு முன்னால், வளாகத்தின் தரைத்தளத்து முற்றத்தில் ஒரு சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு அவர்களுக்கு ஒரு நிகழ்ச்சி இருந்தது. டாக்டர் சொன்னார்: "கடைசி மூணு பாட்டு அக்கா வாசிக்கட்டும். நான் போனதுக்கப்புறம் யாருன்னு இவங்களுக்குத் தெரிய வேணாமா?"

சனிக்கிழமை மாலைக்கு மேற்பார்வையாளர் தலையை ஆட்டவில்லை. ஆறு வாரம் தன் புதன்கிழமை விடுமுறையை முதல் அடித்தளத்துக் கூண்டுக்காரிக்குக் கொடுத்து, பதிலுக்கு அந்த ஒரு சனிக்கிழமையை வாங்கினாள். ஆறு வாரம் ஒருநாள் விடாமல் வேலை.

வீட்டில் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் வளாகத்தின் வாசலில் அறிவிப்புப் பலகை வைத்தார்கள். அதில் அவள் படமும் இருந்தது. கீழ்வீட்டுக்காரர் பார்த்துவிட்டு வந்து அண்ணனிடம் பாராட்டாகத்தான் சொன்னார்.

அண்ணன் கூடத்துக்கு வந்து தொலைக்காட்சியை அணைத்தார்.

"நாலு பேரு முன்னாடி காலை அகட்டி உக்காந்துக்கிட்டு... என்னது இது?"

"டிரம்முண்ணா."

"அது தெரியுது. இந்த வயசுல உனக்கு எதுக்குன்னு கேக்கறேன்."

அவள் விரல்களை விரிக்கப் பார்த்தாள். விரியவில்லை.

"சொந்தக் கால்ல நிக்கறதா நெனப்பா? போறதுன்னா போ. அப்படியே வேற இடம் பாத்துக்க."

வேறு இடம் இல்லை என்பது இருவருக்கும் தெரியும். அதனால்தான் அவர் சொன்னார்.

சனிக்கிழமை மூன்று மணிக்கு அவள் செருப்பை மாட்டியபோது அண்ணன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தார். அண்ணி ஈரக்கையோடு வாசலுக்கு வந்தாள்.

"எத்தனை மணிக்கு முடியும்?"

"ஏழுக்கு அண்ணி."

"ஏழரைக்குள்ள வந்துடு. அதுவரைக்கும் நான் சமாளிச்சுக்கறேன்." பிறகு குரலைத் தாழ்த்தி, "உனக்காக இல்ல. நீ போயிட்டா இந்த வீட்ல நான் யார்கிட்ட பேசறது?" என்றாள். பன்னிரண்டு வருஷத்தில் அண்ணி அவளிடம் பேசியதெல்லாம் என்ன சமைப்பது என்பதுதான். அவள் படியிறங்கினாள்.

தரைத்தளத்து முற்றத்தின் கூரை கண்ணாடி. ஊழியர் வாசல் வழியாக நேரே கீழே இறங்கிப் பழகியவளுக்கு, தன் தலைக்கு மேலே இத்தனை வெளிச்சம் இருந்தது புதிதாக இருந்தது. டாக்டர் எழுந்து இடம் கொடுத்தார். உட்கார்ந்தாள். இருநூறு பேர் இருக்கலாம், பாதிப்பேர் தின்றுகொண்டிருந்தார்கள். முதல் பாட்டின் முதல் அடியிலேயே கால் இறுகியது. கட்டை தோலில் போய் ஒட்டியது. தப். தப். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் திரும்பி, தன் வாயைப் பெரிதாகத் திறந்து காட்டினார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கும்போது பல்லைக் கடிக்க முடியாது. கால் விட்டது.

இரண்டாவது பாட்டு முழுதும் இரட்டை அடி வந்தது. மூன்றாவது வேகமானது. பாதியில் இரண்டாவது அடி தவறத் தொடங்கியதும், மறுபடி மாட்டிக்கொள்வதற்குள் அவள் அதை விட்டுவிட்டு ஒற்றை அடியாக வாசித்து முடித்தாள். கேட்டவர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை. கை தட்டினார்கள். யாருக்கும் முகம் கொடுக்காமல், ஏழு இருபதுக்கு வீட்டுப் படியேறினாள்.

கதவு திறந்திருந்தது. அண்ணன் வெளியே போகச் சொல்லவில்லை. பேசவும் இல்லை. ஐந்து வாரம் பேசவில்லை. இரண்டு அறை வீட்டில் ஒருவர் பேசாமல் இருப்பது எளிதல்ல. தண்ணீர் வேண்டுமென்றாலும் பிள்ளைகள் வழியாகக் கேட்டார். ஆறாவது வாரம், "விளக்கை அணை" என்றார். அதோடு எல்லாம் பழையபடி ஆனது. அண்ணியும் பழையபடி சமையலைப் பற்றி மட்டும் பேசினாள், எப்போதாவது, யாரும் இல்லாதபோது, "அது எப்படி, கையும் காலும் வேற வேறயா போகுது?" என்று கேட்பாள்.

டாக்டர் ஊரைவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு விடுப்பு கிடைக்கவே இல்லை. கடைசியில் மற்ற மூவரும் பயிற்சியைப் புதன்கிழமை மாலைக்கு மாற்றிக்கொண்டார்கள். கண்ணாடிக் கடை புதன்கிழமைகளில் ஒரு மணிநேரம் முன்னால் மூடப்பட்டது. ஒரு அக்காவுக்காக மூன்று பேர் நாளை மாற்றினார்கள் என்பதை அவள் வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் ஒரு பேச்சு வரும்.

இந்த வருஷம் அவள் அறை தேடத் தொடங்கினாள். பாட்டுக்காக மட்டும் இல்லை. கதவை உள்ளிருந்து பூட்டிக்கொண்டு, வேண்டும்போது படுத்து, வேண்டும்போது எழ வேண்டும். தரைத்தளமா என்றுதான் முதலில் கேட்பாள். வீட்டுக்காரர்கள் முதலில் கேட்பது, "தனி ஆளா?" என்பது. ஐந்து இடம் பார்த்தாகிவிட்டது. ஒருவர் அண்ணனிடமிருந்து கடிதம் கேட்டார். ஒருவர் அறையைக் காட்டிவிட்டு மறுநாள் தொலைபேசியை எடுக்கவில்லை. ஆறாவதை அடுத்த புதன்கிழமை காலையில் போய்ப் பார்க்க வேண்டும். அதுவரை கூண்டும் கூடமும்தான்.

இரட்டை அடி நிமிஷத்துக்கு எழுபத்திரண்டு என்ற வேகத்தில் நிற்காமல் ஓடுகிறது. எண்பதில் இன்னும் பிசகுகிறது.